விகிதம் குறைகிறது, பில் ஏறுகிறது: டெக்ஸாஸ் சொத்து வரித் தளம் எப்படி?

டெக்ஸாஸில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் சொத்து வரிப் பேச்சு ஆண்டுக்கு இரண்டு முறை எழும். ஏப்ரல் வாக்கில், வீடுகளின் மதிப்பைக் கணிக்கும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டிலிருந்து மதிப்பீட்டுக் கடிதம் வரும்போது ஒரு முறை. எஸ்க்ரோவில் (வரிக்காக மாதாமாதம் பிடித்து வைக்கும் கணக்கில்) பற்றாக்குறை என்று சொல்லி மார்ட்கேஜ் நிறுவனம் மாதத் தவணையை ஏற்றும்போது இன்னொரு முறை. இரண்டுக்கும் நடுவே, ஆகஸ்ட் செப்டம்பரில், வரி விகிதத்தை வைக்கிறார்கள். அப்போது பெரும்பாலோர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சாமான் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

அந்த இரண்டு மாதத்துக்கென்றே ஒரு சேவை இருக்கிறது. டெக்ஸாஸ்.கவ் தளத்தில் 'பிராப்பர்ட்டி டாக்ஸஸ்' என்ற பக்கம். மாநிலத்தின் 254 கவுன்டிகளும் (மாவட்டங்களும்) வரிக் கணக்கைக் காட்டும் 'ட்ரூத் இன் டாக்ஸேஷன்' தளங்களுக்கும் அதுதான் வாசல். பார்க்கக் கட்டணம் இல்லை. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கலாம். கணக்கை மறைக்காமல் காட்டுவதற்கு மூன்று, கருத்துப் படிவத்துக்கு அரை. மீதி ஒன்றரை எங்கே போனது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் தளம் அரசு தானாக மனமுவந்து கொடுத்ததல்ல. 2009இல் 'வரி கட்டியது போதும்' என்ற முழக்கத்தோடு கிளம்பிய டீ பார்ட்டி அலை வாஷிங்டனில் வடிந்த பிறகும், டெக்ஸாஸ் புறநகரங்களில் அதன் மிச்சம் தங்கியது. கவுன்டி குடியரசுக் கட்சிக் கிளப்புகளிலும் வரிசெலுத்துவோர் சங்கங்களிலும் இருந்தவர்கள் பட்ஜெட் நகலும் மஞ்சள் ஹைலைட்டருமாக நகர மன்றக் கூட்டத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தார்கள். மாநிலத்தில் வருமான வரி கிடையாது. உள்ளூர் அரசுகள் சொத்து வரியைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. ஆகவே செலவைப் பற்றிய சண்டை எல்லாமே கடைசியில் சொத்து வரியில்தான் வந்து முட்டும். ஹூஸ்டன் நகரம் உள்ள ஹாரிஸ் கவுன்டியில் வரி வசூல் அதிகாரியாக இருந்து பிறகு மாநில செனட்டரான பால் பெட்டன்கோர்ட் கொண்டுவந்த எஸ்பி 2 (செனட் மசோதா 2) சட்டத்தில் 2019 ஜூனில் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்டார். தளம் அந்தச் சட்டத்தின் பிள்ளை.

சட்டம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று பெயர் மாற்றம். முன்பு 'எஃபெக்டிவ் ரேட்' என்று ஒன்று இருந்தது. கேட்டவருக்கு அதில் எதுவும் புரியாது. இப்போது அதன் பெயர் 'நோ நியூ ரெவின்யூ ரேட்'. போன ஆண்டு இருந்த அதே சொத்துகளிலிருந்து போன ஆண்டு வந்த அதே தொகையை இந்த ஆண்டும் வசூலிக்க எவ்வளவு விகிதம் போதும் என்பதே அது. புதிதாகக் கட்டிய வீடுகள் இந்தக் கணக்கில் சேராது. 'ரோல்பேக் ரேட்' என்றிருந்தது 'வோட்டர் அப்ரூவல் ரேட்' ஆனது. அதைத் தாண்டினால் நவம்பரில் மக்களிடம் ஓட்டுக் கேட்டாக வேண்டும். நகரங்களுக்கும் கவுன்டிகளுக்கும் முன்பு 8 சதவீதம் வரை ஏற்ற இடம் இருந்தது. எஸ்பி 2 அதை 3.5 சதவீதமாக்கியது.

தளத்தில் கவுன்டியைத் தேர்ந்து, முகவரியையோ சொத்து எண்ணையோ கொடுத்தால் ஓர் அட்டவணை வரும். கவுன்டி, நகரம், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், கம்யூனிட்டி காலேஜ், மருத்துவமனை மாவட்டம், புது லேஅவுட் என்றால் 'மட்' எனப்படும் நீர் வசதி மாவட்டம் என்று உங்கள் வீட்டின் மேல் வரி போடும் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு வரிசை. ஒவ்வொன்றிலும் நோ நியூ ரெவின்யூ விகிதம், வோட்டர் அப்ரூவல் விகிதம், இப்போது முன்மொழியப்பட்ட விகிதம், முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உங்கள் வீட்டுக்கு எத்தனை டாலர், இடையில் உள்ள வித்தியாசம், கூட்டம் நடக்கும் நாளும் இடமும். நாம் பார்க்க வேண்டியது வித்தியாசம் என்ற கட்டத்தை. மற்றவை எல்லாம் அதற்குத் துணை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்கு நகர வரிக்கான மதிப்பு போன ஆண்டு 4,00,000 டாலர். விகிதம் 100 டாலருக்கு 0.42. வரி 1,680 டாலர். இந்த ஆண்டு மதிப்பு, உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு (ஹோம்ஸ்டெட்) ஆண்டு ஏற்றத்தின் உச்சவரம்பான 10 சதவீதம் ஏறி 4,40,000. நகரம் 0.41 என்று முன்மொழிகிறது. 'வரி விகிதத்தைக் குறைத்துவிட்டோம்' என்று செய்தி அறிக்கை வரும். பொய்யில்லை. ஆனால் பில் 1,804 டாலர். தளத்தில் நோ நியூ ரெவின்யூ விகிதம் 0.398 என்று இருந்தால் அதற்கான பில் 1,751.20, வித்தியாசக் கட்டத்தில் 52.80 நிற்கும். போன ஆண்டைவிடக் கூடியது 124 டாலர். அதில் மன்றம் எடுத்த முடிவால் வந்தது 52.80 மட்டும்.

மீதி 71 டாலர் எங்கிருந்து வந்தது? இங்கேதான் புதிதாகக் களத்தில் இறங்குபவர்கள் தடுக்கி விழுகிறார்கள். நோ நியூ ரெவின்யூ என்றால் தன் பில் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது ஊருக்கான சராசரி. மேலே சொன்ன கணக்கில் ஊரில் பழைய சொத்துகளின் மதிப்பு சராசரியாக 5.5 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. இந்த வீடு 10 ஏறியிருக்கிறது. சந்தை விலை வேகமாக ஏறிய ஆண்டுகளில் உச்சவரம்பால் தேங்கி நின்ற வீடுகள், சந்தை ஆறிய பிறகும் ஆண்டுக்கு 10 சதவீதமாக ஏறிக்கொண்டேயிருக்கும். அந்தப் பகுதிக்கு மன்றத்தில் போய்ச் சத்தம் போட்டுப் பயனில்லை. மதிப்பைப் பற்றிய ஆட்சேபத்தை மே 15க்குள், அல்லது கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள், அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஆகஸ்டில் போய் 'என் வீட்டு மதிப்பு அதிகம்' என்று மேயரிடம் சொல்பவரை அந்த மன்றத்தில் எல்லோரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள். தளம் இந்த வேறுபாட்டைப் பொடி எழுத்தில் எங்கோ சொல்கிறது. அரை மதிப்பெண் அங்கே போயிற்று.

இன்னொரு குறை நேரம். ஜூலை 25 வாக்கில்தான் சான்றிட்ட மதிப்புப் பட்டியல் வரும். அதன் பிறகுதான் ஒவ்வோர் அமைப்பும் விகிதங்களைக் கணக்கிட்டு ஏற்றும். ஜூலையில் பார்த்தால் போன ஆண்டு எண்கள் நிற்கும், அல்லது வெறும் கோடு நிற்கும். ஆகஸ்ட் நடுவில் பாதி வரிசைகள் நிரம்பியிருக்கும். தபாலில் ஏதாவது வரும் என்று இருந்துவிட வேண்டாம். தளத்திலேயே மின்னஞ்சல் அறிவிப்புக்குப் பதிவு செய்துவைப்பது நல்லது. எண்கள் ஏறி ஐந்து நாள் ஆகாமல் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தவிர்த்த அமைப்புகள் பொதுக் கூட்டம் நடத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. எண் ஏறிய நாளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த வேலையில் ஊறியவர்களுக்கு உண்டு. விதி மீறி விகிதம் வைத்தால் அங்கே சொத்துள்ள யாரும் நீதிமன்றத் தடை கேட்கலாம்; ஆனால் விகிதம் நிறைவேறி 15 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தப் படம்தான் அப்போது கைகொடுக்கும்.

தளம் மறைக்காவிட்டாலும் கண்ணில் படாதபடி வைத்திருக்கும் விஷயம் கடன். 3.5 சதவீத வரம்பு பராமரிப்பு, நடப்புச் செலவுகளுக்கான பகுதிக்கு மட்டும். கடன் தவணைக்கான பகுதிக்கு அந்த வரம்பு பொருந்தாது. முன்மொழியப்பட்ட விகிதத்தை ஒரே எண்ணாகப் பார்த்தால் இது தெரியாது. ஒவ்வொரு வரிசையோடும் இணைத்திருக்கும் கணக்கீட்டுப் படிவத்தைத் திறக்க வேண்டும். நகரம், கவுன்டிக்கு 50-856, பள்ளிக்கு 50-859. அதில் கடன் என்ற தலைப்பின் கீழ் இந்த ஆண்டுத் தவணை எவ்வளவு என்று இருக்கும். போன ஆண்டுப் படிவத்தையும் பக்கத்தில் வைத்து அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டாலே ஊரின் போக்கு புரிந்துவிடும். நடப்புச் செலவில் கைகட்டப்பட்ட மன்றம் வாகனம், கட்டடச் சீரமைப்பு என்று கடனுக்குள் தள்ளப் பார்க்கும். அந்தத் தூண்டுதலைச் சட்டமே உண்டாக்கி வைத்திருக்கிறது.

அதிலும் 'சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆப்ளிகேஷன்' என்ற கடன் பத்திரம் தனி ரகம். நகரமோ கவுன்டியோ ஓட்டெடுப்பே இல்லாமல் இதை வெளியிடலாம். முடிவெடுக்கும் நாளுக்குக் குறைந்தது 45 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், இணையதளத்திலும் இருக்க வேண்டும். அதற்குள் வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்திட்ட மனு கொடுத்தால் ஓட்டெடுப்பு கட்டாயம். ஒரு லட்சம் வாக்காளர் உள்ள ஊரில் 5,000 செல்லுபடியாகும் கையெழுத்து. ஒவ்வொன்றிலும் பெயர், முகவரி, கையெழுத்திட்ட தேதி, பிறந்த தேதி அல்லது வாக்காளர் எண் வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் கையெழுத்து, தேதி விட்டுப்போனது, இரண்டு முறை போட்டது என்று கணிசமாகக் கழியும் என்பதால் கால் பங்கு கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். இந்தக் கடன் அறிவிப்புகள் எதுவும் நாம் மதிப்பிடும் தளத்தில் வராது. நகரச் செயலரின் பக்கத்தில் தேட வேண்டும். சேவையின் பெரிய ஓட்டை இதுதான். ஒரு முழு மதிப்பெண்ணை இதற்கே கழித்திருக்கிறேன்.

பள்ளிக் கடன் பத்திரங்களில் நிலைமை வேறு. ஓட்டுச் சீட்டிலேயே 'இது சொத்து வரி உயர்வு' என்று பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது 2019 முதல் சட்டம். விகிதம் ஏறாத திட்டத்துக்கும் இந்த வாசகம் வருகிறதே என்று பள்ளி நிர்வாகங்கள் புலம்புகின்றன. புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை.

வோட்டர் அப்ரூவல் விகிதத்தையும் அப்படியே 3.5 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முந்தைய 3 ஆண்டுகளில் பயன்படுத்தாமல் விட்ட இடத்தைச் சேர்த்துக்கொள்ள வழி இருக்கிறது. படிவத்தில் அதற்குத் தனிப் பகுதி உண்டு. 30,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு 5,00,000 டாலர் வரை கூடுதல் வருமானத்துக்குச் சலுகை. பேரிடர் அறிவித்த பகுதி என்றால் பழையபடி 8 சதவீதம் என்று எஸ்பி 2 ஒரு விதி வைத்தது. கோவிட்டையே பேரிடராகக் காட்டி 2020இல் சில அமைப்புகள் இந்தக் கதவைத் தட்டியதால், தொற்றுநோய் அதில் சேராது என்று 2021இல் திருத்தினார்கள். 2024இல் புயல்களுக்குப் பிறகு ஹாரிஸ் கவுன்டி இதே விதியைப் பயன்படுத்தித்தான் விகிதத்தை ஏற்றியது. சட்டப்படி சரி, ஆனால் ஓட்டு கேட்கவில்லை என்பது எதிர்த்தவர்களின் குறை.

கருத்துப் படிவத்துக்கு வருவோம். முன்மொழிந்த விகிதத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று தளத்தின் வழியாகவே அந்த அமைப்புக்கு எழுதலாம். குடியுரிமை கேட்பதில்லை; சொத்தின் உரிமையாளராக இருந்தால் போதும். எச்1பியில் இருப்பவருக்கும் கிரீன் கார்டுக்காகப் பதினைந்து ஆண்டு காத்திருப்பவருக்கும் இது சிறிய காரியமில்லை. ஓட்டுப் போட முடியாது, கடன் மனுவில் கையெழுத்திட முடியாது. ஆனால் இந்தப் படிவம், மதிப்பீட்டு ஆட்சேபம், ஆவணம் கேட்கும் உரிமை, மன்றத்தில் பேசும் உரிமை நான்கும் உண்டு. பதில் எழுத வேண்டிய கட்டாயம் மன்றத்துக்கு இல்லை என்பதுதான் படிவத்துக்கு அரை மதிப்பெண்ணோடு நிறுத்தியதற்குக் காரணம். 'வரி அதிகம்' என்று நாலு வார்த்தை எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். வித்தியாசக் கட்டத்தின் எண், பட்ஜெட்டில் எந்தப் பக்கத்தில் எந்தச் செலவை நிறுத்தினால் அது ஈடாகும் என்று இரண்டு வரி எழுதினால் ஒரு உறுப்பினராவது கூட்டத்தில் எடுத்துப் பேசுவார்.

கூட்டத்தில் பேசுவது இன்னும் பலன் தரும். நிகழ்ச்சி நிரலில் உள்ள ஒரு விஷயத்தைப் பற்றி, அதை மன்றம் எடுத்துக்கொள்ளும் முன்போ அப்போதோ பேச விரும்பும் எவரையும் அனுமதிக்க வேண்டும் என்பது 2019 சட்டம். மன்றத்தை விமர்சிப்பதைத் தடுக்கவும் கூடாது. நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். வழக்கமாக 3 நிமிடம். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்கு இரட்டிப்பு நேரம் தர வேண்டும். வீடு தன் பெயரில் உள்ள அப்பா தமிழிலேயே பேச, மகள் மொழிபெயர்த்தால் ஆறு நிமிடம்! பெயர்ச் சீட்டைக் கூட்டம் தொடங்கும் முன்பே எழுத்தரிடம் கொடுத்துவிட வேண்டும். பிந்திப் போய்க் கை தூக்கினால் பல ஊர்களில் விட மாட்டார்கள். 2025 செப்டம்பர் முதல் கூட்ட அறிவிப்பு 3 வேலை நாள் முன்னதாக வர வேண்டும். பட்ஜெட் கூட்டம் என்றால் நடுத்தர மதிப்புள்ள வீட்டின் பில் எவ்வளவு மாறும் என்ற ஒப்பீடும் அதில் இருக்க வேண்டும்.

உட்கார்ந்து கேட்க வேண்டிய ஒரு வாக்கியமும் உண்டு. நோ நியூ ரெவின்யூ விகிதத்தைத் தாண்டினால் தீர்மானத்தை 'வரி விகிதத்தை உயர்த்த முன்மொழிகிறேன். இது நடைமுறையில் இத்தனை சதவீத உயர்வு' என்ற அர்த்தத்தில் சட்டம் சொன்ன சொற்களிலேயே வாசிக்க வேண்டும். மேலே போட்ட கணக்கில் 3 சதவீதம். குறைத்தோம் என்று அறிக்கை விட்டவர் அதே வாயால் உயர்வு என்று சொல்லியாக வேண்டும். வாக்குகள் பெயரோடு பதிவாகும். மொத்த உறுப்பினரில் 60 சதவீதம் ஆதரவு வேண்டும். 7 பேர் மன்றத்தில் 5 பேர். முன்மொழிந்தபோது யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், யார் வரவே இல்லை என்பது பொதுக் கூட்ட அறிவிப்பிலேயே இருக்கும். மே மாதத் தேர்தலில் வீடு வீடாகக் கொடுக்கும் துண்டறிக்கைக்கு அந்தப் பக்கத்தை எடுத்து வைப்பவர்கள் உண்டு.

கவுன்டிகளில் இன்னொரு நெளிவு. வரி விதிக்க, கவுன்டியை நடத்தும் கமிஷனர்கள் மன்றத்தின் 5 பேரில் 4 பேராவது கூட்டத்தில் இருக்க வேண்டும். ஹாரிஸ் கவுன்டியில் சிறுபான்மையாக இருந்த இரண்டு குடியரசுக் கட்சி கமிஷனர்கள் 2019இலும் 2022இலும் கூட்டத்துக்கே வராமல் இருந்தார்கள். 2022இல் கெடு முடிந்து நோ நியூ ரெவின்யூ விகிதமே நின்றது. கட்சிக்காரர்கள் கொண்டாடினார்கள். சம்பளம் வாங்கும் வேலைக்கு வராமல் இருப்பது வெற்றியா என்று எதிர்த்தரப்பு கேட்டது. எண்ணைத் தடுத்தது வெற்றிதான். பழக்கமாக்கினால் அடுத்த முறை இவர்கள் பெரும்பான்மையாக இருக்கும்போது அதே கத்தி திரும்பும்.

அதைவிடச் சுத்தமான வெற்றி 2025 நவம்பரில் ஆஸ்டினில். வோட்டர் அப்ரூவல் விகிதத்தைவிட 100 டாலருக்கு 5 சென்ட் கூடுதலாக நகரம் கேட்டது. 'ப்ராப் கியூ' என்று பெயர். ஜனநாயகக் கட்சியின் கோட்டை அது. அங்கேயே பத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள். செலவுக் கணக்கை முன்னால் வைத்துப் பேசினால் கட்சி அடையாளம் இரண்டாம் பட்சமாகிவிடும் என்பதைப் பழமைவாதக் குழுக்கள் கவனிக்க வேண்டும். துப்பாக்கி, நூலகப் புத்தகம் என்று எல்லாச் சண்டையையும் ஒரே 3 நிமிடத்துக்குள் கொண்டுவருபவர்கள் வரிக் கூட்டத்தில் தங்கள் பக்கத்தைத்தான் கெடுக்கிறார்கள்.

தளத்தில் எண் கிடைக்கும், காரணம் கிடைக்காது. அதற்குப் பொதுத் தகவல் சட்டப்படி ஆவணம் கேட்க வேண்டும். கேள்வி கேட்டால் வராது. 'ஏன் ஆலோசகருக்கு இவ்வளவு கொடுத்தீர்கள்' என்பதற்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வழங்கிய காசோலைப் பட்டியல், எக்ஸெல் கோப்பாக' என்றால் கொடுத்தாக வேண்டும். 50 பக்கத்துக்குள் இருந்தால் ஆள்கூலி கிடையாது. நகல் பக்கத்துக்கு 10 சென்ட். 40 டாலரைத் தாண்டும் என்றால் முதலில் மதிப்பீடு அனுப்புவார்கள். அதற்கு 10 வேலை நாளுக்குள் பதில் போடாவிட்டால் கோரிக்கையை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கணக்கு. பல நல்ல கோரிக்கைகள் ஸ்பேம் பெட்டியில் கிடந்த ஒரு மின்னஞ்சலால் செத்திருக்கின்றன.

மட் மாவட்டங்களுக்குக் கணக்கு வேறு. 95 சதவீதம் கட்டி முடிந்தவற்றுக்கு ஏற்ற வரம்பு 3.5 சதவீதம், வளர்ந்துகொண்டிருப்பவற்றுக்கு 8. ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி, ஃபோர்ட் பெண்ட் பக்கம் புது வீடு வாங்கியவர் அட்டவணையில் மட் வரிசை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வரி இல்லை என்று மகிழ வேண்டாம். இன்னும் ஏற்றவில்லை என்றும் இருக்கலாம். போன ஆண்டு பில்லை எடுத்து வரிசைகளை எண்ணிச் சரிபார்த்து, குறைந்தால் வரி அலுவலகத்துக்கு அன்றே எழுதிவிடுங்கள். பெரும்பாலான நகர மன்றங்கள் செப்டம்பர் முதல் மூன்று வாரத்துக்குள் ஓட்டெடுத்து முடித்துவிடும்.